மூன்றாவது அட்டை

மூன்று மாதத்தில் மாமனார் பதினேழு காமிக்ஸ் புத்தகங்களைப் படித்திருப்பதாக நூலகப் பதிவேடு சொன்னது. மாமனாருக்கு அது தெரியாது என்பதுதான் சிக்கல்.

"உங்க மாமனார் மாதிரி ஒரு வாசகரை நான் பார்த்ததே இல்ல சார்," என்றார் நூலகர் அம்மா, தொலைபேசியில். "வர்ற சனிக்கிழமை பத்து மணிக்குத் தலைமை அலுவலகத்துலேருந்து அதிகாரி வர்றாங்க. காமிக்ஸ் அலமாரி இருக்கணுமா வேண்டாமான்னு அன்னிக்குத்தான் முடிவு. உங்க மாமனார் வந்து நாலு வார்த்தை பேசினாப் போதும், அலமாரி பிழைச்சுக்கும்."

லிஃப்ட்காரர் அப்போது ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவில், லிஃப்ட் கூண்டின் கூரைமேல் உட்கார்ந்திருந்தார். இருபது வருடமாக லிஃப்ட் பழுது பார்க்கிற மனிதர். உயரத்தைப் பார்த்து ஒருநாளும் அவருக்குத் தலை சுற்றியதில்லை. அன்று சுற்றியது.

"அவருக்கு உடம்பு கொஞ்சம் சரியில்ல மேடம்," என்றார்.

"அடடா! அப்படின்னா ஒண்ணு செய்யலாம். அதிகாரியை நேரா உங்க வீட்டுக்கே கூட்டிட்டு வந்துடறேன். முடியாமப் படுத்திருக்கும்போதும் கையில காமிக்ஸ்னா, பார்க்கிறவங்களுக்கு மனசு இளகிடும்."

"ஐயோ, வேண்டாம் மேடம்! சும்மா ஜலதோஷம்தான். சனிக்கிழமைக்குள்ள சரியாயிடும்."

"அப்ப வர்றார்! ரொம்ப சந்தோஷம் சார்," என்று வைத்துவிட்டார்.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவர் போல லிஃப்ட்காரர் விழித்தார். வியர்வையைத் துடைக்கக் குனிந்தபோது சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளை அட்டை நழுவியது. சுழன்று சுழன்று எட்டு மாடி ஆழத்துக்கு இறங்கி, அடியில் தேங்கியிருந்த தண்ணீரில் போய் விழுந்தது. முந்தின நாள் முழுக்க உட்கார்ந்து எழுதிய அட்டை. மை கரைந்திருக்கும். பட்ட காலிலேயே படும் என்பது சும்மாவா?

அட்டை என்ன அட்டை என்று சொல்லிவிட வேண்டும்.

அந்த நூலகத்தில் வாசலுக்கும் செய்தித்தாள் அறைக்கும் நடுவே ஒரு நடைபாதை. அதில் ஓர் அலமாரி. அலமாரியில் நாற்பத்திரண்டு காமிக்ஸ் புத்தகங்கள். எந்த வாசகரும் தனக்குப் பிடித்த புத்தகத்தைப் பற்றி அட்டையில் எழுதி, அந்தப் புத்தகத்துக்கு முன்னால் செருகி வைக்கலாம், மற்றவர்களுக்குப் பரிந்துரையாக. நூலகர் அம்மா கொண்டு வந்த நல்ல ஏற்பாடு. ஆனால் எழுதியது ஒரே ஒருவர். நாற்பத்திரண்டு புத்தகத்துக்கும் லிஃப்ட்காரர்தான்.

அவருடைய பைத்தியத்துக்குக் காரணம் இருந்தது. லிஃப்ட் பாதையின் இருட்டில் நாள் முழுக்க ஏறி இறங்குகிறவர் அவர். கதவு திறந்திருக்கும் மாடிகள் வழியே வெளிச்சம் சதுரம் சதுரமாகத் தெரியும். ஒரு சதுரத்தில் யாரோ செருப்பைத் தேடுவார்கள், அடுத்ததில் இரண்டு பேர் சண்டை போடுவார்கள், அதற்கு அடுத்ததில் வெறும் நாற்காலி மட்டும் இருக்கும். முதன்முதலில் ஒரு காமிக்ஸைப் பிரித்தபோது, அட, நம்ம வேலை செய்யும் இடத்தை யாரோ வரைந்து வைத்திருக்கிறார்களே என்று தோன்றிவிட்டது. அதிலிருந்து விடவில்லை.

ஆனால் அதைப் பற்றிப் பேச ஓர் ஆள் கிடையாது. வீட்டிலும் இல்லை, வேலையிலும் இல்லை. "நானும் படிச்சேங்க, என்னமா இருந்துச்சு!" என்று யாராவது ஒரே ஒருவர் சொல்லிவிட்டால் போதும் என்று ஏங்கினார். அந்த ஏக்கத்தைத்தான் அட்டை அட்டையாக எழுதினார்.

தலைமை அலுவலகம் கெடு வைத்தது. மூன்று மாதத்தில் அறுபது தடவையாவது அந்தப் புத்தகங்கள் வீட்டுக்குப் போக வேண்டும். இல்லையென்றால் அலமாரியைக் காலி செய்துவிட்டுத் தேர்வு வழிகாட்டிகளை அடுக்குவார்கள்.

முதல் மாதம் ஒரு புத்தகம்கூட நகரவில்லை. கூட்டம் இல்லாமல் இல்லை. செய்தித்தாள் அறைக்குப் போகிறவர்கள், வருகிறவர்கள், தபால்காரர், கல்லூரிப் பெண்கள் என்று எல்லோரும் அலமாரி முன்னால் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்கள். நின்றுவிட்டுப் போனார்கள். யாரும் கை நீட்டி ஒன்றை எடுக்கவில்லை.

நாம் சரியாக எழுதவில்லை என்று லிஃப்ட்காரர் நினைத்தார். ஓர் அட்டையில் எழுதியதை இரண்டு அட்டையாக்கினார். இரண்டை மூன்றாக்கினார். கூட்டம் கூடியது, புத்தகம் நகரவில்லை. நடைபாதையில் ஈரம் போலிருக்கிறது, அட்டைகள் மட்டும் வாரத்துக்கு வாரம் ஓரம் நைந்து அழுக்காகிவிடும். அவரும் சளைக்காமல் அவற்றை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் புதிதாக எழுதிக்கொண்டு வருவார். புத்தகம் அடுக்கும் பெண்மணி, எல்லோரும் அலமாரி அக்கா என்று கூப்பிடுகிறவர், புது அட்டைகளைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். வாயைத் திறக்க மாட்டார்.

கடைசியில்தான் லிஃப்ட்காரர் அந்தக் காரியத்தைச் செய்தார். தன் நூலக உறுப்பினர் கார்டில் தானே புத்தகம் எடுத்தார். ஒரு கார்டுக்கு வாரம் மூன்று புத்தகம்தான். கெடு நெருங்கியது. குடும்பத்தில் ஒருவருக்காக இன்னொருவர் எடுக்கலாம் என்று விதி இருந்ததால் மனைவி கார்டில் எடுத்தார், மச்சினி கார்டில் எடுத்தார். அதுவும் போதாமல், மேசை டிராயரில் கிடந்த மாமனார் கார்டில் கை வைத்தார்.

கை வைத்திருக்கக் கூடாத இடம் அது. மாமனார் எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கடை கடையாகப் போய்த் தராசையும் படிக்கல்லையும் சோதித்தவர். சுரண்டிய படிக்கல்லை வைத்து வியாபாரம் செய்தான் என்று கூடப்பிறந்த தம்பியோடு பதினான்கு வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லை. மருமகனைப் பற்றி அவர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தது ஒன்றே ஒன்றுதான்: "எங்க மாப்பிள்ளைக்குப் பொய் சொல்லவே வராது." போனால் அலமாரி மட்டும் போகாது, இந்தப் பேரும் சேர்ந்து போகும்.

அன்று மாலை, மருந்துக் கடையில் வேலை முடிந்து வந்த மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார்.

"எங்க அப்பா பேர்ல பதினேழு காமிக்ஸா?" மனைவி கைப்பையைக் கீழே வைக்கவில்லை. "பொம்மை பார்க்கிற வயசெல்லாம் எனக்குத் தாண்டிப் போச்சுன்னு சொல்ற மனுஷங்க அவரு!"

"உன் பேர்லயும் ஒன்பது இருக்கு."

"என் பேர்லயா! நான் என்ன படிச்சேன்?"

"நல்ல நல்ல புத்தகமா பார்த்துத்தான் எடுத்தேன்."

"ரொம்ப நன்றி. யாராவது கேட்டாங்கன்னா, ஒன்பது படிச்சும் ஒண்ணும் ஏறலைன்னு சொல்லிக்கிறேன்." பையை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். "பேசாம அப்பாகிட்ட உண்மையைச் சொல்லிடுங்க."

"சொன்னா பதினாலு வருஷம் பேச மாட்டாரே."

"அவரா கண்டுபிடிச்சா இருபத்தெட்டு."

கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் சொல்லத் தைரியம் வரவில்லை.

மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் நூலகத்தில் நுழைந்தார். நாற்பத்திரண்டில் கடைசியாக, முந்தின வாரம்தான் அவர் எழுதத் தொடங்கிய 'உப்புக்கரை விளக்கு' என்ற புத்தகத்துக்கு முன்னால் மூன்று அட்டைக்குப் பதில் இரண்டுதான் இருந்தன.

"அக்கா, இதோட மூணாவது அட்டை லிஃப்ட் குழிக்குள்ள விழுந்துடுச்சு. இந்த வாரம் தலைக்கு மேல வேலை. அடுத்த வாரம் எழுதி வச்சிடறேன்."

"அவசரமே இல்ல சார்," என்றார் அலமாரி அக்கா. "நிதானமா எழுதுங்க. அடுத்த மாசம்கூட எழுதலாம்."

அவர் இத்தனை வார்த்தை பேசி லிஃப்ட்காரர் கேட்டதில்லை. அது யோசிக்கிற நேரமா? சனிக்கிழமைக்குள் மாமனாரை ஒரு புத்தகமாவது படிக்க வைத்துவிட வேண்டும், ஒன்று படித்தவர் பதினேழு படித்த மாதிரி பேசிச் சமாளித்துவிடலாம் என்று ஒரு நப்பாசை.

புதன்கிழமை காலை மாமனாரின் செய்தித்தாளுக்குள் ஒரு காமிக்ஸைச் செருகி வைத்தார். இரண்டு நிமிடத்தில் மாமனார் அதை நீட்டிய கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

"மாப்பிள்ளை, உங்க பொம்மைப் புத்தகம் என் பேப்பருக்குள்ள வந்துடுச்சு."

"சும்மா புரட்டிப் பாருங்களேன் மாமா. தங்கமான கதை."

மாமனார் அட்டைப்படத்தைப் பார்த்தார். "தெரியும்," என்று சொல்லி மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். என்ன தெரியும்? கார்டு விஷயம் தெரிந்துவிட்டதா? வியாழக்கிழமை குளியலறைக் கண்ணாடிப் பலகையில் ஒன்றை வைத்தார். அது துண்டால் துடைக்கப்பட்டு அவருடைய தலையணைக்கே திரும்பி வந்தது.

வெள்ளிக்கிழமை மாலை நூலகத்துக்குப் போனவருக்கு அடுத்த அடி விழுந்தது. 'உப்புக்கரை விளக்கு' இருந்த இடம் காலி. இரண்டு அட்டைகள் மட்டும் அநாதையாக நின்றன. தன் வீட்டில் இல்லை, அது நிச்சயம். திருட்டுப் போயிற்றா? நூலகர் அம்மாவைக் கேட்டால் பதிவேட்டைத் திறப்பார். பதிவேட்டைத் திறந்தால் மாமனார் வெளியே வருவார். லிஃப்ட்காரர் பக்கத்துப் புத்தகங்களை இரண்டு விரல் நகர்த்தி இடைவெளியை மூடிவிட்டு, திருடனைப் போலச் சுவரோரமாக வெளியேறினார். புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்த அலமாரி அக்கா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

வீட்டில் மாமனார் சாப்பாட்டு மேசையில் காத்திருந்தார்.

"எனக்கு ஜலதோஷம்னு யார் சொன்னது மாப்பிள்ளை?"

தட்டு வைத்துக்கொண்டிருந்த மனைவியின் கை அப்படியே நின்றது.

"இன்னிக்குப் பேப்பர் படிக்கப் போனேன். அந்த நூலகர் அம்மா ஓடி வந்து உடம்பு தேவலையான்னு கேட்குது. எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்னேன். நாளைக்குக் காமிக்ஸ் பத்திப் பேச வரணுமாம். நீங்க ஏற்கெனவே சொல்லியிருக்கீங்களாம்."

"அது வந்து மாமா..."

"வரேன்னுட்டேன்."

லிஃப்ட்காரர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "வர்றீங்களா?"

"வரணும். எனக்கும் அங்க ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கு." மாமனார் சோற்றைப் பிசைந்தார். "தராசு நேரா நிக்கணும் மாப்பிள்ளை. அவ்வளவுதான்."

லிஃப்ட்காரர் என்ன சாப்பிட்டார் என்று அவருக்கே தெரியாது.

சனிக்கிழமை பத்து மணிக்கு அதிகாரி அம்மா வந்தார். ஒல்லியான உடம்பு, இறுக்கிய வாய். நடைபாதையில் அலமாரியைப் பார்த்ததும் நின்றார். ஐந்து நிமிடம், பத்து நிமிடம், இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. உள்ளே மேசையருகில் நூலகர் அம்மா நகம் கடித்தார். லிஃப்ட்காரர் நகத்தைத் தாண்டி விரலுக்கு வந்திருந்தார். மாமனார் மட்டும் சலவைச் சட்டையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

அதிகாரி உள்ளே வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "அந்த உப்புக்கரை விளக்கு எங்கே?"

லிஃப்ட்காரர் நாற்காலியோடு ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"அதைப் பிறகு பார்ப்போம்," என்று அவரே சொல்லிவிட்டுப் பதிவேட்டைப் பிரித்தார். "மூணு மாசத்துல அறுபத்திரண்டு தடவை புத்தகம் வெளியே போயிருக்கு. அதுல பதினேழு ஒரே ஆள். நீங்கதானே ஐயா?" என்று மாமனாரைப் பார்த்தார். "'இரண்டு வாசல் வீடு' படிச்சீங்களா? எப்படி இருந்தது?"

லிஃப்ட்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

"நல்ல கதை," என்றது மாமனாரின் குரல். "அந்த அம்மா வீட்டை வித்துட்டு, கடைசியில பின்வாசல் சாவியை மட்டும் யாருக்கும் தராம ஆத்துல போடுது பாருங்க, அந்த இடத்துல மனசு என்னமோ பண்ணிடுச்சு."

கண் தானாகத் திறந்தது.

"'பதினாலாம் நம்பர் பேருந்து'?"

"அந்த ஓட்டுநர் ஓய்வு பெறுற அன்னிக்குக் கடைசி நிறுத்தத்துல நிக்கிறது யாருன்னா, முப்பது வருஷத்துக்கு முன்னால அவர் ஏத்தாம விட்டுட்டுப் போன அதே ஆளு. நேர்மையான கதை. கணக்குத் தீர்ந்துபோச்சு."

அடுத்து அதிகாரி 'தையல்காரியின் நாய்' பற்றிக் கேட்டார். மாமனார் அதையும் சொன்னார், நாய் யாருடைய கல்லறைமேல் படுத்துக்கொண்டது என்பது உட்பட. லிஃப்ட்காரருக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. இந்த மனிதரா! வெளியே பொம்மைப் புத்தகம் என்று திட்டிக்கொண்டு, உள்ளே இத்தனையும் படித்திருக்கிறாரா? ஏங்கி ஏங்கித் தேடிய ஒரே வாசகர் இத்தனை நாளாக எதிர் நாற்காலியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாரா? ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"பிரமாதம்," என்றார் அதிகாரி. முகத்தில் முதல்முறையாக ஒரு சிரிப்பு. "படங்களைப் பத்திச் சொல்லுங்க. யாரோட ஓவியம் உங்களுக்குப் பிடிச்சது?"

மாமனார் புருவத்தைச் சுருக்கினார். "படமா?"

"ஆமா, உள்ளே இருக்கிற படங்கள்."

"அதுக்குள்ள படம் எப்படி இருக்கும்னு நான் பார்க்கலைங்களே."

அதிகாரி பதிவேட்டை மறுபடி ஒருமுறை பார்த்தார்.

"பதினேழு புத்தகம் எடுத்திருக்கீங்களே ஐயா?"

"நானா? நான் ஒரு புத்தகம்கூட வீட்டுக்கு எடுத்துட்டுப் போனதில்ல. அந்தக் கார்டு டிராயரில கிடக்கு." மாமனார் மெதுவாகத் திரும்பி மருமகனைப் பார்த்தார். தராசுத் தட்டைப் பார்க்கிற பார்வை.

லிஃப்ட்காரர் எழுந்து நின்றார். இனி ஒளிய மாடி இல்லை.

"நான்தான் மேடம். மாமா கார்டு பதினேழு, மனைவி கார்டு ஒன்பது, மச்சினி கார்டு எட்டு, என் கார்டு இருபத்தேழு. எல்லாம் நான் எடுத்தது. அலமாரி போயிடக் கூடாதுன்னு எடுத்தேன். அதுல இருக்கிற புத்தகம் எல்லாம் என் உசிரு மாதிரி. யாராவது ஒருத்தர் படிச்சுட மாட்டாங்களான்னு மாசக்கணக்கா எழுதி எழுதி வச்சேன். ஒரு ஜீவன் தொடலை. என்னை மன்னிச்சிடுங்க மாமா. பொய் சொல்லிட்டேன்."

நூலகர் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். அதிகாரி பேனாவை எடுத்துப் பதிவேட்டின் ஓரத்தில் கூட்டினார்.

"அறுபத்தொண்ணு உங்களோடது. மிச்சம் ஒண்ணு." விரலை வரி வரியாக இறக்கினார். "உப்புக்கரை விளக்கு. செவ்வாய்க்கிழமை ஒரு தபால்காரர் எடுத்திருக்கார்."

"தபால்காரரா?" என்றார் லிஃப்ட்காரர். திருட்டு இல்லையா?

"முன்பதிவு ஏதாவது இருக்கா?"

அலமாரி அக்கா மூலையிலிருந்து வந்து தன் நோட்டை மேசைமேல் வைத்தார். முன்பதிவு எழுதுவது அவர் வேலை. அதிகாரி பிரித்துப் பார்த்தார். நாலு நாளில் பதினொரு பேர். எல்லாரும் அதே புத்தகத்துக்கு. முதல் பெயர் மாமனாருடையது.

"ஆமாம், நான்தான் எழுதினேன்," என்றார் மாமனார், சற்றே கூச்சத்துடன். "அதைக் கேட்கத்தான் இன்னிக்கு வந்ததே. அந்த விளக்குக் கிழவர் புயல்ல படகுக் கயிறை அவிழ்த்தாரே, மகனைக் காப்பாத்தினாரா இல்லையா? நாலு நாளா எனக்குத் தூக்கம் இல்ல."

"எனக்கும் அதுதான் தெரியணும்," என்றார் அதிகாரி. சொன்ன பிறகுதான் தான் அதிகாரி என்பது நினைவு வந்தவர் போலத் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நாற்பத்திரண்டு புத்தகம் இருக்கு. நாற்பத்தொண்ணை யாரும் சீண்டலை. இந்த ஒண்ணுக்கு மட்டும் இப்படி அடிபிடி. ஏன்?"

"எனக்கும் புரியலை மேடம்," என்றார் லிஃப்ட்காரர். "உண்மையைச் சொன்னா, அதுக்கு நான் சரியாகூட எழுதி வைக்கல."

மூன்று மாதமாகப் பெருமூச்சோடு நிறுத்திக்கொண்ட அலமாரி அக்கா அன்று வாயைத் திறந்தார்.

"மத்த நாப்பத்தொண்ணுக்கும் கடைசிப் பக்கம் வரைக்கும் சாரே அட்டையில எழுதி வச்சிடறாரு, ஜனங்க நின்னபடியே படிச்சு முடிச்சுட்டு வீட்டுக்குப் போயிடறாங்க; இந்த ஒண்ணுலதாம்மா அவரு கடைசி அட்டையைத் தொலைச்சாரு."